நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு ஆறு நாற்காலிகள் தேவை. கடையில் வாங்கிய செட் இரண்டே வருடத்தில் ஆட ஆரம்பித்துவிட்டது. தனியாளாகப் பட்டறை வைத்து, கையால் மர நாற்காலி செய்து தரும் ஒருவரைப் பற்றி இப்போது தெரியவந்தது. அவர் அனுப்பிய படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் கடை விலையைப் போல நான்கு மடங்கு சொல்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். நான்கு மாதம் ஆகுமாம். “ஏமாந்துவிடாதே” என்கிறார் கணவர். அம்மாவுக்கு மூட்டுவலி, அவரும் இதில்தான் உட்கார வேண்டும். நம்பி வாங்கலாமா? என்னென்ன கேட்க வேண்டும்? பேரம் பேசலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஆறுக்கும் சேர்த்து இப்போதே ஆர்டர் கொடுக்காதீர்கள். முதலில் ஒன்றே ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் என்பதற்காக அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். அது வீட்டுக்கு வந்த பிறகு சில மாதங்கள் எல்லோரும் மாறி மாறி உட்காருங்கள். ஈரக்காற்று அடிக்கும் நாட்களையும் காய்ந்த நாட்களையும் அது பார்க்கட்டும். மற்ற ஐந்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

நான் நாற்காலி செய்கிறவன்தான். ஆனால் செய்ததைவிடப் பழுது பார்த்ததே அதிகம், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுச் சாமான்களில் நாற்காலி அளவுக்கு அடி வாங்குவது எதுவும் இல்லை. அலமாரி வைத்த இடத்தில் நிற்கும். மேஜை தட்டுகளைச் சுமக்கும், அவ்வளவுதான். நாற்காலியில் ஒரு முழு ஆள் பொத்தென்று உட்காருகிறார், பின்னால் சாய்ந்து முன்கால்களைத் தூக்குகிறார், உடம்பைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார், எழும்போது தரையோடு இழுக்கிறார். பின்னால் சாயும்போது அத்தனை பாரமும் ஒரே இடத்தில் போய் விழும். இருக்கையின் பக்கச் சட்டம் பின்காலோடு சேர்கிறதே, அந்த மூட்டில். என்னிடம் வரும் ஆடுகிற நாற்காலிகளில் பெரும்பாலானவை அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

உங்கள் பழைய செட்டில் நன்றாக ஆடும் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மூலையில் ஒரு முக்கோணக் கட்டையும் அதில் ஒரு ஸ்க்ரூவும் இருக்கலாம். முறுக்கினால் ஒரு வாரம் ஆடாமல் இருக்கும், மறுபடி ஆடும். அந்த மூட்டைப் பிரித்தால், உள்ளே பென்சில் கனத்தில் இரண்டு உருளை முளைகளும் காய்ந்துபோன கொஞ்சம் பசையும் மட்டும் இருக்கக்கூடும். மரமும் மரமும் கட்டிப்பிடித்திருக்கும் இடம் அவ்வளவு சின்னது. பசை விட்டதும் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

நல்ல மூட்டு எப்படி இருக்கும்? ஒரு கட்டையில் ஆழமான துளை. இன்னொரு கட்டையின் முனையில் அந்தத் துளைக்கு ஏற்ற நாக்கு. நாக்கு அகலமாகவும் நீளமாகவும் இருந்து, கையால் அழுத்தினால் இறுக்கமாக உள்ளே போக வேண்டும், சுத்தியலால் வெளுத்துக்கட்டி இறக்கும்படி இருக்கக்கூடாது. பசை போடாமல் கோத்துத் தூக்கினாலும் கழன்று விழக்கூடாது. உங்கள் தச்சரிடம், “பசை போடுவதற்கு முன் கோத்துப் பார்க்கும் நாளில் நான் வரலாமா?” என்று கேளுங்கள். சம்மதித்தால் அன்று பின்கால் மூட்டைப் பாருங்கள். முடிந்த நாற்காலியில் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நேரில் போக முடியாவிட்டால், அந்த நிலையில் ஒரு படம் கேளுங்கள்.

விண்ட்சர் வகை நாற்காலியாக இருந்தால் கதை வேறு. அதில் இருக்கைப் பலகைதான் நடுநாயகம். கால்கள் கீழிருந்தும் முதுகுக் குச்சிகள் மேலிருந்தும் அந்தக் கனமான பலகைக்குள் இறங்கும். காலின் முனை பலகையைத் துளைத்து மேலே வரும் இடத்தில் அதைப் பிளந்து ஒரு சின்ன ஆப்பு இறக்கியிருப்பார்கள். இருக்கையின் மேல்பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு கோடு மாதிரி அது தெரியும். அந்தக் கோடு பலகையின் ரேகைக்கு, அதாவது மரநார் ஓடும் திசைக்கு, குறுக்காகப் போகிறதா என்று பாருங்கள். ரேகையோடு ஒரே திசையில் ஆப்பு இறக்கியிருந்தால் என்றாவது பலகை அங்கே பிளக்கும்.

அடுத்தது மரம். வாங்குகிறவர்கள் “தேக்கா? ஓக்கா? வால்நட்டா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, காய்ந்த மரமா என்றுதான். மரம் வெட்டிய பிறகும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். குறுக்குவாக்கில்தான் எல்லாம் நடக்கும். அதிலும் மரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருண்டையாகக் கடைந்த கால், காய்ந்த பிறகு லேசாக நீள்வட்டமாகிவிடுவது இதனால்தான். பச்சை மரத்தில் நாக்கு செய்து துளைக்குள் இறக்கினால், அது மெல்ல மெல்ல மெலிந்து தளர்ந்துவிடும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு, பெரும்பாலான பட்டறைகளில் இருக்கும். “அளந்து காட்டுங்கள்” என்று கேட்பதில் தப்பே இல்லை. காற்றில் உலர்த்தும் பலகைக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. போன மாதம் அறுத்த மரம் என்று அவர் சொன்னால், சூளையில் வைத்து உலர்த்தியதா என்று கேளுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் அவசரப்பட்டு, சரியாகக் காயாத மரத்தில் நான்கு நாற்காலி செய்து கொடுத்தேன். கொடுத்த அன்று கல் மாதிரி நின்றன. எட்டு மாதத்தில் நான்கும் திரும்பி வந்தன. எல்லா மூட்டிலும் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அவ்வளவையும் பிரித்து மறுபடி செய்து கொடுத்தேன். அதனால்தான் ஒரு நாற்காலியைச் சில மாதம் வைத்துப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் இதில் விதிவிலக்கு. ஏணி மாதிரி குறுக்குக் கம்புகள் வைத்த நாற்காலிகளில், தெரிந்தே கால்களைக் கொஞ்சம் ஈரமாக விட்டு, குறுக்குக் கம்புகளை மட்டும் எலும்பு மாதிரி உலர்த்தி இறக்கும் முறை ஒன்று உண்டு. கால் காயக் காயத் துளை சுருங்கிக் கம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் தச்சர் ஈர மரம் பயன்படுத்துவதாகச் சொன்னால் உடனே பயந்துவிட வேண்டாம். எந்தப் பாகம் ஈரம், எந்தப் பாகம் உலர்வு, ஏன் என்று கேளுங்கள். முறை தெரிந்தவர் தயங்காமல் சொல்வார்.

வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்கிறோமே, அதற்கு அர்த்தம் உண்டு. மரத்தின் உள்பகுதி வைரம், அதைச் சுற்றியிருக்கும் வெளிர் நிறப் பகுதியில் மாவுச்சத்து தங்கியிருக்கும். துளைபோடும் வண்டுகளுக்கு அதுதான் தீனி. நாற்காலியின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகளும், தட்டினால் மைதா மாதிரி நைசான தூளும் கொட்டினால் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மற்றபடி ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெளிர் நிறம் தெரிவது குற்றமல்ல.

படத்தில் அழகாகத் தெரிகிற ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். அது வளைவு. பின்கால் அழகாக வளைந்து மேலே போய் முதுகாக மாறும் நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். நேரான பலகையில் அந்த வளைவை வரைந்து அறுத்து எடுத்தால், வளைவின் நடுவில் ரேகைகள் காலின் நீளத்தோடு ஓடாமல் குறுக்கே வெட்டிப் போகும். அந்த இடத்தில் நார் துண்டு துண்டாக இருக்கும். ஒருநாள் யாராவது சாயும்போது, பிஸ்கட் உடைவது மாதிரி ‘டக்’ என்று போகும். பசை விட்ட மூட்டை ஒட்டிவிடலாம், இப்படி உடைந்த காலை ஒட்டி நிம்மதியாக உட்கார முடியாது. இதற்கு வழி இருக்கிறது. ஆவியில் வேகவைத்து வளைக்கலாம், மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைக்கலாம், வளைந்தே வளர்ந்த கட்டையைத் தேடி எடுக்கலாம், அல்லது வளைவைக் குறைத்துக் கனத்தைக் கூட்டலாம். படத்தைப் பெரிதாக்கி, வளைவில் விரலை வைத்து ரேகை எப்படி ஓடுகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். ரேகை வளைவோடு கூடவே போனால் சரி.

கனமாக இருந்தால்தான் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். இத்தாலியில் ஜியோ போன்டி வடிவமைத்து 1957-ல் வெளிவந்த சூப்பர்லெஜெரா நாற்காலியின் எடை வெறும் 1.7 கிலோ. ஆஷ் மரத்தில் மெல்லிய கால்கள்தான், ஆனால் ஒழுங்கான மூட்டு. கனமான மரத்தில் செய்த மோசமான மூட்டு, தன் சொந்த எடையாலேயே சீக்கிரம் தளரும். அதுவும் அம்மா தினமும் இழுத்து நகர்த்தப்போகும் நாற்காலி கனமாக இருக்கவே கூடாது.

‘கையால் செய்தது’ என்ற வார்த்தையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் பட்டறையில் வாள் மெஷினும் இழைப்பு மெஷினும் இருந்தால் ஏமாற்றுகிறார் என்று எண்ணாதீர்கள். நானும் மரத்தை மெஷினில்தான் அறுக்கிறேன். மூட்டைப் பொருத்துவது, இருக்கையைக் குடைவது, கைப்பிடியை உடம்புக்கு ஏற்றபடி செதுக்குவது, இதெல்லாம் கையில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. மரம் வெட்டுவதிலிருந்து பாலிஷ் வரை எல்லாமே ஒரே ஆள் செய்வது என்பது பழைய காலத்தில்கூட எங்கும் வழக்கமாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் ஹை விக்கம் சுற்றுவட்டாரத்தில் பீச் மரக்காடுகளிலேயே உட்கார்ந்து கால்களை மட்டும் கடைந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கால்களை வாங்கி நாற்காலியாகக் கோத்தது ஊருக்குள் இருந்த பட்டறைகள். அதேபோல் தொழிற்சாலை என்றாலே மட்டம் என்பதும் சரியில்லை. தோனெட் நிறுவனம் 1859-ல் கொண்டுவந்த 14-ம் எண் நாற்காலி ஆவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகளும் பத்து ஸ்க்ரூவும் இரண்டு நட்டும்தான். அதில் பழையவை இன்றும் உபயோகத்தில் இருக்கின்றன. ஆகவே நான்கு மடங்கு விலையை ‘கையால்’ என்ற ஒரு சொல்லுக்காகக் கொடுக்காதீர்கள். மூட்டுக்காகக் கொடுங்கள், உங்கள் உடம்பின் அளவுக்காகக் கொடுங்கள், பத்து வருடம் கழித்து ஒன்று ஆடினால் பிரித்து ஒட்டித் தர ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்காகக் கொடுங்கள்.

அந்த விலை நியாயமா என்று கேட்டால், அவர் ஒரு நாற்காலிக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார் என்பதைப் பொறுத்தது. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த ஒய் நாற்காலி ஒரு கம்பெனியில்தான் தயாராகிறது. அதன் இருக்கையைக் காகிதக் கயிற்றால் கையில் பின்ன மட்டும், கைதேர்ந்தவருக்கே ஒரு மணி நேரம் போல ஆகும். சுமார் 120 மீட்டர் கயிறு. மரவேலை அதில் சேராது. தனியாளாகச் செய்பவருக்கு மரம் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசி உப்புத்தாள் தேய்ப்பு வரை எத்தனை நாள் போகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதனால் பேரம் பேசுங்கள், ஆனால் விலையைக் குறை என்று பேசாதீர்கள். “வேலையைக் குறைத்தால் எவ்வளவு குறையும்?” என்று கேளுங்கள். கடைசல் இல்லாத நேர்க்கால் வைக்கலாம். வால்நட்டுக்குப் பதில் ஆஷ் போடலாம். குடைந்த மர இருக்கைக்குப் பதில் பின்னல் இருக்கை வைக்கலாம், ஆனால் பின்னலை என்றாவது மாற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று, ஒரே மாதிரி ஐந்து செய்யும்போது அச்சு எடுப்பதும் மெஷின் செட் பண்ணுவதும் ஒரே தடவைதான். மற்ற ஐந்துக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்கும்போது தலைக்கு இவ்வளவு குறையுங்கள் என்று கேட்பது முழு நியாயம். மூட்டில் மட்டும் கைவைக்கச் சொல்லாதீர்கள்.

முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் சாதாரணம், மரம் வாங்கவே பெரிய தொகை போகும். ஒரு நாற்காலி என்றால் பாதி கொடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஐந்துக்கு வரும்போது மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஆர்டரின்போது ஒரு பங்கு, பசை போடும் முன் கோத்துக் காட்டும்போது ஒரு பங்கு, வீட்டுக்கு வந்ததும் மீதி. ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எந்த மரம், என்ன அளவு, என்ன பாலிஷ், எந்தத் தேதி, வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு, அவர் உடம்பு சரியில்லாமல் வேலை நின்றால் பணம் எப்படித் திரும்பும், மூட்டு தளர்ந்தால் எத்தனை வருடம் வரை சரிசெய்து தருவார். வாயால் சொன்னதை எழுதித் தரத் தயங்குகிறவரிடம் நானே வாங்கமாட்டேன். தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். காயாத மரத்தை அவசரத்தில் கோப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ரோஸ்வுட் ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதுமே 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி வரும் நாற்காலி என்றால் அனுமதிச் சீட்டு தேவைப்படலாம், முன்கூட்டியே விசாரியுங்கள்.

பாலிஷைப் பொறுத்தவரை, சாப்பாட்டு மேஜை என்பதால் தண்ணீரும் எண்ணெயும் சிந்தும். கடினமான வார்னிஷ் கறையைத் தாங்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். எண்ணெய்ப் பூச்சு கறை பிடிக்கும், ஆனால் நீங்களே லேசாகத் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம். எண்ணெய்ப் பூச்சு என்றால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்துவிட்டு, அல்லது தண்ணீரில் முக்கிவிட்டு, அப்புறம் போடுங்கள்.

இனி அம்மாவின் நாற்காலி. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது இதுதான், ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். வழக்கமான சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். முட்டி வலிக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் கூடினாலே எழுவது எவ்வளவோ சுலபம். ஆனால் பாதம் முழுசாகத் தரையில் பதியாத அளவுக்குப் போகக்கூடாது. இருக்கையின் ஆழம் அதிகமாக இருந்தால் முதுகு சாய்வில் படாது. சாய்ந்து உட்கார்ந்த பிறகு, இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடம் இருந்தால் சரி. இருக்கை குழியாக இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருக்கட்டும், குழிக்குள்ளிருந்து எழுவது அவருக்குச் சிரமம்.

கைப்பிடி அவசியம். அது இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டு வர வேண்டும். பலர் அழகுக்காகப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எழும்போது கை ஊன்றுவது முன்பக்கத்தில்தான். மேஜை விளிம்புக்கு அடியில் ஓடும் சட்டத்தின் கீழே அந்தக் கைப்பிடி போகிறதா என்று தரையிலிருந்து அளந்து வையுங்கள்.

கால்களுக்கு நடுவே முன்பக்கத்தில் குறுக்குக் கட்டை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நீங்களே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எழுவதற்கு முன் உங்களை அறியாமலே பாதத்தை இருக்கைக்கு அடியில் பின்னால் இழுப்பீர்கள். அங்கே கட்டை இருந்தால் குதிகால் அதில் இடிக்கும், முழு பாரமும் முட்டிக்குப் போகும். அதற்குப் பதிலாகப் பக்கக் கட்டைகளை நடுவில் ஒரு கட்டையால் இணைத்தால் உறுதியும் கெடாது, குதிகாலுக்கும் இடம் கிடைக்கும்.

இந்த அளவெல்லாம் நான் சொல்லி, நீங்கள் சொல்லி, அவர் செய்வதைவிட, அம்மாவை ஒருநாள் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் போடும் செருப்போடு போகட்டும். அங்கே இருக்கும் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சரியான உயரம் வரும்வரை கால்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து எழட்டும், நடுவில் யாரும் கைகொடுக்க வேண்டாம். “இது பரவாயில்லை” என்று அம்மா சொல்கிற உயரத்தைத் தச்சர் தன் கையாலேயே ஒரு குச்சியில் கோடு போட்டுக்கொள்ளட்டும். கைப்பிடிக்கு இன்னொரு கோடு. அந்தக் குச்சியின் மேல் அம்மாவின் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதலில் செய்து தரும் அந்த ஒரு நாற்காலி அம்மாவுடையதாகவே இருக்கட்டும்.